இரண்டாம் சரணம் எங்கே போச்சு?

ழ-வுக்கு இரண்டு எழுத்து முன்னால் இருக்கும் மெய்யெழுத்து எது? புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

உதடு அசைந்ததா? ‘ய, ர, ல, வ, ழ’ என்று முணுமுணுத்துவிட்டுத்தான் ‘ல’ என்று கண்டுபிடித்திருப்பீர்கள். இத்தனைக்கும் இது சின்ன வகுப்பிலேயே படித்த பாடம். ஆனாலும் நடுவிலிருக்கும் ஒரு எழுத்தை மட்டும் தனியாக உருவ முடிவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். க-விலிருந்து தொடங்கியவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். பலரும் ய-வில் நுழைந்திருப்பீர்கள். இடையினம் என்று ‘ய ர ல வ ழ ள’வைத் தனியாகவும் ஒப்பித்திருக்கிறோம் அல்லவா, அதனால் அந்த இடத்தில் ஒரு நுழைவாயில் இருக்கிறது.

மேடையில் பாட்டு மறந்துபோவதும் இதே கதைதான்.

குடியிருப்பில் பொங்கல் விழா. பிள்ளைகளே சேர்ந்து ஒரு இசைக்குழு அமைத்திருக்கிறார்கள். ஒருவர் கீபோர்டு, ஒருவர் கிட்டார், ஒருவர் தபேலா, பாட ஒரு அக்கா. பல்லவி அமர்க்களம். முதல் சரணமும் பிசகவில்லை. மறுபடி பல்லவி, அப்புறம் கீபோர்டில் இடையிசை. அது முடிந்ததும் அக்கா கணீரென்று ஆரம்பிக்கிறார், மறுபடியும் முதல் சரணத்தையே! கிட்டார் அண்ணன் திரும்பிப் பார்க்கிறான். தபேலா மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி மாட்டிக்கொள்வது எப்போதும் இரண்டாம் சரணத்தில்தான். ஏன்?

முதலில் ஒரு பழைய கதை. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற அறிஞர், மனிதர்களுக்கு எப்படி மறக்கிறது என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டார். சோதனைக்கு ஆள் தேடவில்லை. தன்னையே வைத்துச் சோதித்தார். ‘டஸ்’, ‘ஸெப்’ மாதிரி அர்த்தமே இல்லாத அசைகளை சுமார் 2300 உருவாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். என்ன பொறுமை பாருங்கள்! 1885-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். நமக்கு வேண்டியது அதே புத்தகத்தில் உள்ள வேறொரு விஷயம். அவர் ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டான் ஜுவான்’ கவிதையையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அர்த்தமற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. அர்த்தம், சந்தம், ஓசை ஒற்றுமை எல்லாம் சேர்ந்து உதவியிருக்கின்றன.

கவிதைக்கே இப்படி என்றால், மெட்டும் சேர்ந்தால்? அமெரிக்க உளவியல் ஆய்வாளர் வாண்டா வாலஸ் 1994-இல் இதை ஆராய்ந்தார். ஒரு கதைப்பாடலைச் சிலருக்குப் பாடியும் சிலருக்குப் பேச்சாகவும் கேட்கச் செய்தார். மூன்று கண்ணிகளும் ஒரே மெட்டில் வந்தபோது, பாட்டாகக் கேட்டவர்களுக்கே வார்த்தைகள் அதிகம் நினைவிருந்தன. ஒரே ஒரு கண்ணியை மட்டும் கேட்டபோதும், கண்ணிக்குக் கண்ணி மெட்டை மாற்றியபோதும் முடிவு தலைகீழ். பேச்சாகக் கேட்டவர்கள் முந்திவிட்டார்கள். ஆக, மெட்டு நமக்குப் பழகிய பிறகுதான் அது வார்த்தைகளைத் தாங்கும். அதற்கு முன் அதுவும் ஒரு சுமைதான்.

மெட்டு எப்படித் தாங்குகிறது? கடையில் முப்பது முட்டை வைக்கும் தட்டைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை முட்டை, எந்தக் குழி காலி என்று எண்ணாமலே தெரியும். மெட்டும் அப்படித்தான். இந்த வரிக்கு இத்தனை அசை, இங்கே நெடில், இங்கே நிறுத்தம் என்று குழிகளைத் தயாராக வைத்திருக்கிறது. ஒரு சொல் மறந்தால் எத்தனை அசைச் சொல் விட்டுப்போனது என்று உடனே தெரிந்துவிடும். பொருந்தாத சொல்லைப் போட்டால் நாக்கே தடுக்கும்.

இப்போது வம்பு எங்கே என்று பாருங்கள். பெரும்பாலான சினிமாப் பாட்டுகளில் இரண்டு சரணங்களுக்கும் ஒரே மெட்டு. அதாவது அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு தட்டுகள். முதல் சரணத்தின் சொற்கள் இரண்டாம் சரணத்திலும் கச்சிதமாக உட்காரும். நாக்கு தடுக்காது, காது உறுத்தாது. ‘அடுத்து என்ன’ என்று மூளை தேடும்போது ஒரே மெட்டு இரண்டு விடைகளைக் காட்டுகிறது. அதிகமாகப் பாடிய விடை முந்திக்கொள்கிறது. வீட்டில் பாடும்போது நாம் எப்போதும் முதலிலிருந்துதானே ஆரம்பிக்கிறோம்? பாதியில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார், நிறுத்திவிடுவோம். முதல் சரணம் நூறு முறை பாடப்பட்டிருந்தால் இரண்டாவது அதில் பாதிகூட இருக்காது.

நம் பழைய புலவர்கள் இதற்கு அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆங்கிலப் பாட்டில் ஓசை ஒற்றுமை பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். எதுகையோ அடியின் முதல் சீரிலேயே வருகிறது. சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அடுத்த அடியின் தொடக்கத்தில்தானே? அங்கேயே கை கொடுக்கிறது. அந்தாதி இன்னும் கெட்டிக்காரத்தனம். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். அபிராமி அந்தாதியின் நூறு பாட்டையும் பார்க்காமல் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிகிற இடத்திலேயே அடுத்த பாட்டு எது என்ற குறிப்பும் இருக்கிறது.

சினிமாப் பாட்டில் அந்தக் குறிப்பு சரணத்துக்குள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நிறையத் தமிழ்ப் பாட்டுகளில் இரண்டு இடையிசைகளும் ஒன்றுபோல இருக்காது. முதல் சரணத்துக்கு முன் புல்லாங்குழல் வந்தால், இரண்டாவதற்கு முன் வயலின்கள் வரலாம். இளையராஜா பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகத் தெரியும். சரணங்கள் ஒன்றுபோல இருந்தாலும் அவற்றுக்குள் நுழையும் வழி வேறு. எனவே இரண்டாவது இடையிசையின் கடைசி நான்கு தாளத்தையும் இரண்டாம் சரணத்தின் முதல் சொல்லையும் சேர்த்துப் பழகுங்கள். திரும்பத் திரும்ப அந்தத் துண்டு மட்டும். குளியலறையில் இடையிசையை விழுங்கிவிட்டுப் பாடிப் பழகுகிறவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை.

அடுத்தது ஒரு ஏமாற்று வேலை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது! காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கூடவே பாடினால் ஒரு சொல்கூடத் தவறாது. உடனே ‘எனக்கு முழுசாத் தெரியும்’ என்று தோன்றும். உண்மையில் பாடகர் ஒவ்வொரு வரியின் முதல் அசையையும் எடுத்துக் கொடுக்க, கண்ணிமைக்கும் நேரம் பின்னால் நாம் தொடர்கிறோம். கேட்டதும் ‘ஆமாம், இதுதான்’ என்று அடையாளம் காண்பது ஒரு திறமை. எதுவும் கேட்காமல் உள்ளிருந்து எடுப்பது வேறு திறமை. மேடையில் இரண்டாவதுதான் வேண்டும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூடிவைத்துவிட்டு, நினைவிருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்கள் சொன்னது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்கள் சொன்னது 56 சதவீதம். கரோக்கி டிராக்கைப் போட்டுவிட்டு, வரிகள் ஓடும் திரையைக் கவிழ்த்து வையுங்கள். திணறுவீர்கள். திணறித் தேடி எடுக்கும் சொல்தான் நன்றாகத் தங்கும். தேடியும் வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. இதை ஒரே நாளில் இருபது முறை செய்வதைவிட நாளுக்கு இரண்டு முறை, பத்து நாள் செய்வது நல்லது. தூங்கும்போது மூளை அன்றைய நினைவுகளைப் பலப்படுத்துகிறது. இடையில் இரவுகள் வருவதும் லாபம்தான்.

ஒத்திகையிலும் குறும்பு செய்யலாம். கிட்டார் அண்ணன் திடீரென்று ‘ரெண்டாவது சரணம், மூணாவது வரி!’ என்று கத்தட்டும். அங்கிருந்து எடுக்க வேண்டும். முதல் நாள் யாராலும் முடியாது. நாலைந்து நாளில், ய-வில் நுழைந்தோமே, அது போல ஒவ்வொரு வரியிலும் நுழையப் பழகிவிடுவீர்கள்.

பயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். கார்டிசால் ஏறியிருக்கும்போது நினைவிலிருந்து சொற்களைத் தேடி எடுப்பது சிரமமாகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பாட்டு அழிந்துவிடவில்லை, கீழே இறங்கியதும் முழுசாக வந்துவிடும். அதனால் ஒருமுறையாவது பக்கத்து வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, தம்பி தங்கைகளைச் சத்தம் போடவிட்டு ஒத்திகை பாருங்கள். அந்தப் படபடப்பும் கொஞ்சம் பழகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு மறந்தால்? தாளத்தை விடாதீர்கள். மெட்டை முனகிக்கொண்டே போங்கள், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். தபேலா வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவர் வாயசைத்து முதல் அசையைக் காட்டினாலே போதும், மீதி தானாக வரும். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையும் பெரிதாக எழுதிவைப்பதும் உண்டு. பெரிய பாடகர்களே எதிரில் பாட்டு நோட்டை வைத்துக்கொள்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். விளக்குச் சூட்டில் வியர்த்து, முதல் சரணம் முடிவதற்குள் மை கரைந்துவிடும். அப்படிக் கரையாமல் இருந்தாலும், மைக்கைப் பிடித்திருக்கும் கையை எப்படி விரித்துப் படிப்பீர்கள்?