ஏரிக்கரையில் நிற்கும் கவிஞர்



ஐதராபாத்தில் குடியேறி வாழும் நம்மில் பெரும்பாலோர் ஹுசேன் சாகர் ஏரிக்கரையாகிய டேங்க் பண்ட் வழியே எத்தனையோ முறை சென்றிருப்போம். அங்கே 1980களில், என்.டி.ராமராவ் முதலமைச்சராயிருந்த காலத்தில் நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்று குர்ரம் ஜாஷுவா என்னும் கவிஞருடையது. அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? தெலுங்கு மக்கள் அவரைப் போற்றுகின்றனர். நம் தமிழ்ச் சபைகளிலோ அவர் பெயரைக் கேட்பது அரிது. எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்ட நமக்கு, அயல்மொழிக் கவிஞரைத் தெரியாமற்போனதில் வியப்பில்லைதான்.

ஜாஷுவா 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வினுகொண்டாவில் பிறந்தார். தந்தை வீரய்யா யாதவர். தாய் லிங்கம்மா மாதிகா குலத்தவர். பிழைப்புக்காக ராஜமுந்திரியில் ஊமைப் படங்கள் ஓடும்போது திரையருகே நின்று கதை சொல்லும் வேலையும் செய்தார். பின்பு ஆசிரியரானார். 1957 முதல் 1959 வரை நமது சென்னை வானொலி நிலையத்திலும் பணியாற்றினார்.

அவருடைய புகழ்பெற்ற காவியம் 1941இல் வெளிவந்த 'கப்பிலம்'. கப்பிலம் என்றால் வௌவால். காளிதாசனின் மேகதூதத்தில் காதலன் தன் பிரிவுத் துயரை மேகத்தினிடம் சொல்லி அனுப்புகிறான். ஜாஷுவாவின் நாயகனோ பசித்த வயிறுடைய, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவன். கவிஞர் அவனை அருந்ததியின் மகன் என்கிறார். நம் நாட்டிலும் அருந்ததியர் என்ற பெயர் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அவன் தன் துயரத்தைச் சிவனிடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் கோயிலுக்குள் அவன் நுழையலாகாது. வௌவாலுக்கு அந்தத் தடை இல்லை! அபசகுனம் என்று மனிதர் வெறுக்கும் அப்பிராணி குடிசைக்குள்ளும் வருகிறது, கருவறையிலும் தொங்குகிறது. ஆகவே அதனையே தூதாக அனுப்புகிறான். பூசாரி அருகில் இல்லாத வேளை பார்த்துச் சொல்லும்படி வேண்டுகிறான். இதைவிடக் கூர்மையாகத் தீண்டாமையைச் சாடிய கற்பனை இந்திய மொழிகளில் அதிகம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வேதனை அவருக்கு ஏட்டில் கண்டதன்று. கவிதையை மெச்சியவர்கள் குலம் இன்னதென்று கேட்டறிந்தவுடன் முகம் திருப்பிக்கொண்டனர். மறுபுறம், இந்து புராணங்களைக் கற்று எழுதுகிறான் என்று கிறிஸ்தவப் பெரியோரும் அவரை ஒதுக்கினர். இதைத்தான் நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். வெளியே அவர் தீண்டத்தகாதவர், உள்ளேயோ அந்நியர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் கவிதைநூல் வாங்கி வந்தால் 'இதெல்லாம் உலகக் காரியம்' என்று நாமும் சொல்லியிருப்போமல்லவா?

அவர் 1932இல் எழுதிய 'பிர்தௌசி' பாரசீகக் கவிஞரைப் பற்றியது. பாடலுக்குப் பொன் தருவதாக வாக்களித்த சுல்தான் வெள்ளியைக் கொடுத்து ஏமாற்றினான் என்பது அந்தப் பழங்கதை. புறக்கணிக்கப்பட்ட கவிஞன் வேறொரு புறக்கணிக்கப்பட்ட கவிஞனைப் பாடினான். அவருடைய மயானக் கவிதைகளோ அரிச்சந்திர நாடக மேடையேறி, எழுதியவர் யாரென்று அறியாத பாமரர் நாவிலும் நிலைத்தன.

காலம் மெல்ல மாறியது. பெரும்புலவர் செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி, தாம் பிராமணராயிருந்தும், ஜாஷுவாவின் காலில் தம் கையாலேயே வீரக்கழல் பூட்டினார். 'கிறிஸ்து சரித்திரம்' என்னும் அவருடைய காவியத்துக்கு 1964இல் சாகித்திய அகாதெமி விருதும், 1970இல் அவருக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1971 ஜூலை 24இல் மறைந்தார்.

இயேசுவின் வாழ்வைப் பாடிய நூலொன்று நாட்டின் உயர்ந்த இலக்கிய விருதைப் பெற்றிருக்க, அது நம் வீடுகளில் இல்லை. தெலுங்கு படிக்கத் தெரியாதே என்கிறீர்களா? உங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளியில் தெலுங்கு கற்கிறார்கள். ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வாசித்துப் பொருள் சொல்ல, நீங்கள் கேளுங்கள். கப்பிலத்துக்குச் சின்னய்யா ஜங்கம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் வெளிவந்துள்ளது; கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது உதவும்.