அடிதோறும் நன்மை

உலகத்தார் கால்களுக்கெல்லாம் காலணி செய்து தரும் மண், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரம். இங்குப் பதனிட்ட தோலும் தைத்த காலணியும் கடல் கடந்து சென்று எத்தனையோ நாட்டு மக்களை நடக்க வைக்கின்றன. அவற்றைச் செய்து தருகின்றவர்கள் எவ்வளவு நடக்கின்றார்கள்? பகலெல்லாம் ஓரிடத்திலேயே அமர்ந்தோ நின்றோ பணி; மாலையில் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ வீடு. தெருக்கோடிக் கடைக்கும், கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கும்கூட வண்டியை எடுப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

ஜவ்வாது மலையடிவாரத்தில், உத்திரக் காவேரி ஆற்றையொட்டி அமைந்த ஒடுகத்தூரில் வெள்ளிதோறும் ஆட்டுச் சந்தை கூடுகின்றது. மலையூர் மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே இறங்கி வந்த காலம் ஒன்றுண்டு. இன்று ஆடுகளும் சரக்கு வண்டியில் வந்து இறங்குகின்றன.

இதனைக் கூறுவது பழமையைப் போற்றுவதற்காக அன்று. வேறு வழியின்றி நடப்பது நலமன்று, அது துன்பம். 2023 மே மாதம், இதே அணைக்கட்டு வட்டாரத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டி இறந்த குழந்தையின் உடலை, சாலையின்மையால் பெற்ற தாய் சுமந்து நடக்க நேர்ந்தது. அம்மக்களுக்கு வேண்டியது சாலை, நடைப்பயிற்சி அன்று. சாலையும் வண்டியும் வாய்க்கப்பெற்று, அதனாலேயே கால்களை மறந்துவிட்ட நம் போன்றோரைப் பற்றியதே இக்கட்டுரை.

மருந்துக்கு நிகரான நடை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு நோயுற்றோர் 10.1 கோடிப் பேர். அந்நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடிப் பேர். வாயிலில் நிற்போர் திரும்பி வர இயலுமா என்னும் வினாவுக்குச் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு விடை கூறியது. நீரிழிவை நெருங்கிக்கொண்டிருந்த 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைச் சீர்செய்து, நாளும் அரைமணி நேரமேனும் விறுவிறுப்பாக நடக்குமாறு அறிவுறுத்தப்பட்டோரில் அவ்வெண்ணிக்கை 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோருக்கும் ஏறக்குறைய அதே பயன்தான் கிட்டியது. காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு நிகரான பயனை நடையும் அளவான உணவும் தந்துவிட்டன.

இதன் காரணம் எளிது. நடக்குங்கால் தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் குருதியிலுள்ள சர்க்கரையை எரிபொருளாக ஈர்த்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் சுருங்கி விரியுந்தோறும் கீழே தேங்கிய குருதி இதயத்தை நோக்கி உந்தப்படுகின்றது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்போருக்குச் சர்க்கரை சட்டென ஏறுவதில்லை.

உள்ளத்துக்கும் இதனால் நலம் உண்டு. அமெரிக்காவில் முதியோர் 120 பேரைக் கொண்டு செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தோருக்கு, ஓராண்டில், நினைவாற்றலைப் பேணும் மூளைப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. நடவாது உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோருக்கு அது சுருங்கியிருந்தது. மனச்சோர்வைத் தணிப்பதிலும், நல்லுறக்கம் தருவதிலும் நடைக்குப் பங்குண்டு.

எவ்வளவு நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக நல நிறுவனம் கூறுகின்றது. நாளைக்குப் பத்தாயிரம் அடி என்னும் கணக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதே. 2019இல் வெளியான ஆய்வொன்றில், 4,400 அடி நடந்த மூதாட்டியரிடையே மரண விகிதம், 2,700 அடி நடந்தோரினும் 41 விழுக்காடு குறைவாயிருந்தது.

இவ்விடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து பள்ளிவாசல் 300 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். ஐவேளையும் நடந்து சென்று திரும்புவோர் நாளொன்றுக்கு 3 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 4,000 அடி நடந்துவிடுகின்றனர். இதற்கெனத் தனியே நேரமும் ஒதுக்க வேண்டுவதில்லை.

மதீனாவில் பனூ சலிமா குலத்தார், தொலைவிலிருந்த தம் இல்லங்களை விட்டுப் பள்ளிவாசலருகே குடியேற விழைந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, எடுத்து வைக்கும் அடிகளெல்லாம் நன்மையாகப் பதியப்படும் என உணர்த்தினார்கள். தொழுகைக்கு ஓடோடி வராமல் அமைதியாக வருமாறும் பணித்தார்கள். அவ்வடிகள் இறைவனுக்காக வைக்கப்பட்டவை. உடல்நலம் அவற்றின் நோக்கமன்று. ஆயினும் நடந்தவர் அதனையும் உடன் பெற்றார் என்பதில் ஐயமில்லை.

பாதம் பேணுக

நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. இப்பாடம் உலகுக்குக் கிடைத்ததில் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கால் தானாக அழுகுவதில்லை. வலி தெரியாமையால் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகின்றது என்று காட்டினார். அவ்வறிவே பின்னர் நீரிழிவாளரின் பாதம் காக்கவும் உதவியது. மென்மையான எம்.சி.ஆர். செருப்பணிந்து, இரவில் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிட்டு உறங்குவது அத்தகையோருக்கு இன்றியமையாதது. நடக்கும்போது நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ தோன்றினால் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டு வேலையே போதுமென்று அவர்களை நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அச்சமின்றி நடக்க வெளிச்சமுள்ள தெருவும், வீட்டாரின் துணையும் அவர்களுக்குக் கிட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. அது நல்ல முயற்சியே. எனினும் அன்றாட நடை பிறப்பது நம் தெருவிலேதான்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் புறப்படும்போது வண்டிச் சாவியை நோக்கி நீளும் கையைச் சற்றே நிறுத்துவோம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்தே செல்வோம்.