கைத்திறனும் கணிப்பொறியும்

இரும்பைச் செதுக்கும் தொழிலாளி, உளியின் தலையைப் பார்த்து அடிப்பதில்லை. அவன் கண் உளியின் முனையிலேயே பதிந்திருக்கும். எனினும் சம்மட்டி குறி தவறுவதில்லை. பழகப் பழக அவன் கை ஒரே வழியில் சென்று மீளக் கற்றுக்கொண்டது என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை என்று காட்டியவர் உருசிய அறிஞர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன்.

1896-இல் மாஸ்கோவில் பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். 1922-இல் அந்நகரிலிருந்த நடுவண் தொழில் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அதன் தலைவர் அலெக்சி காஸ்தெவ், தொழிலாளியின் கையும் பொறியைப் போலவே ஒரே சீராக இயங்க வேண்டும் என்று விரும்பியவர். கவிஞராகவும் விளங்கிய ஒருவர் மனிதனைப் பொறியாக்கக் கனவு கண்டது வியப்பே!

பெர்ன்ஸ்டைன் தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றிலும் சம்மட்டியிலும் சிறு மின்விளக்குகளைப் பொருத்தினார். ஒளிப்படக் கருவியின் முன் சுழலும் தகடு ஒன்று ஒளியை விட்டுவிட்டு மறைத்தது. ஆதலின் ஒவ்வொரு விளக்கின் பாதையும் படத்தில் புள்ளிகளின் வரிசையாகப் பதிந்தது. புள்ளிகள் நெருங்கிய இடத்தில் கை மெல்லச் சென்றது; விலகிய இடத்தில் விரைந்தது.

படங்களை ஒப்பிட்டபோது எதிர்பாராத உண்மை ஒன்று வெளிப்பட்டது. சம்மட்டியின் முனை அடிதோறும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆயினும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழிகள் அடிக்கு அடி வேறுபட்டன. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு பிசகை மற்றொரு மூட்டு ஈடு செய்தது. தோள் மூன்று வகையாகவும், முழங்கையும் முன்கையும் சேர்ந்து இரு வகையாகவும், மணிக்கட்டு இரு வகையாகவும் அசையும். இவ்வேழு அசைவுகளையும் எண்ணற்ற வழிகளில் இணைத்து ஒரே குறியை அடையலாம். தேர்ந்த கை ஒரு வழியை மனப்பாடம் செய்வதில்லை; ஒவ்வொரு முறையும் குறிக்கேற்ற வழியைப் புதிதாகக் காண்கிறது. காஸ்தெவின் கனவுக்கு இது நேர்மாறான முடிவன்றோ?

பெர்ன்ஸ்டைன் 1948-இல் ஸ்டாலின் பரிசு பெற்றார். ஆயினும் பாவ்லவின் கொள்கையோடு மாறுபட்டமையால் சில ஆண்டுகளுக்குள் ஆய்வுப் பணியை இழந்தார். 1966-இல் அவர் மறைந்தார்; அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது அடுத்த ஆண்டில்தான்.

புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து கணக்கிடுவது அந்நாளில் பெரும் உழைப்பாக இருந்தது. அவ்வுழைப்பைப் பிற்காலத்தில் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. அதற்கு மனித உடல் என்பது மூட்டுகளால் இணைந்த கோல்களின் தொகுதி. ஒவ்வொரு கோலுக்கும் நீளமும் நிறையும் குறிக்கப்படும். அசைவு தெரிந்தால், நியூட்டனின் விதிகளைக் கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் எழுந்த முறுக்கு விசையை அது கணக்கிடும். விசை தெரிந்தால் அசைவை முன்கூட்டிக் கூறும். 1985-இல் தாமார் ஃபிளாஷ், நெவில் ஹோகன் என்னும் இருவர், கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை எட்டும்போது குலுக்கல் மிகக் குறையுமாறே செல்லும் என்று கொண்டு அதன் பாதையைக் கணித்தனர். மனிதர் உண்மையில் கை நீட்டிய பாதைகளோடு அக்கணிப்பு நன்கு பொருந்தியது.

இக்கலை இன்று பெரிதும் பயன்படுமிடம் மருத்துவமனை. மூளைப் பாதிப்பினால் முழங்கால் மடங்கிய நிலையில் நடக்கும் குழந்தையின் கால்களில் ஒளி தெறிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி நடக்கச் செய்கின்றனர். சுற்றிலுமுள்ள கருவிகள் நொடிக்கு நூறு படங்களோ அதற்கு மேலோ எடுக்கின்றன; தரையிலுள்ள தட்டு பாதத்தின் அழுத்தத்தை அளக்கிறது. கண்ணுக்கு முழங்காலே குறையுள்ளதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், சில வேளைகளில் காரணம் இடுப்புத் தசையிலோ கணுக்காலிலோ இருப்பது தெரியவரும். எத்தசையை அறுவை செய்வது, எதனைத் தொடாமல் விடுவது என்பதை மருத்துவர் அதன்பின்னரே முடிவு செய்கின்றனர்.