பின்னால் வருபவரின் விளக்கு தெரிகிறதா?

டுரியான் காலத்தில் பாலிக் பூலாவ் பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். பின்னால் இரு பக்கமும் கூடை, கூடை நிறையப் பழம். ஓர் ஆள் நடக்கும் அகலமே உள்ள மலைப்பாதையில், கல்லையும் வேரையும் தாண்டி நிதானமாக இறங்கி வருகிறது. ஓட்டுபவர் முகத்தில் துளியும் பதற்றம் இருக்காது.

இன்று நம் இளைஞர்கள் ‘ஆஃப் ரோடு’ என்று சொல்லி, நண்பர்களோடு விடுமுறை நாளில் தேடிப் போகும் விளையாட்டு, இவர்களுக்குத் தினசரி வேலை.

மலேசியாவின் மோட்டார் சைக்கிள் கதையே பினாங்கில்தான் தொடங்குகிறது. சிறுவனாகச் சீனாவிலிருந்து இங்கு வந்து, மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய டான்ஶ்ரீ லோ பூன் சியூதான் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர். ஹோண்டாவின் ‘சூப்பர் கப்’ ஜப்பானில் 1958-ல் வெளிவந்தது. அந்தக் ‘கப்’ என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் ‘சாய்’ சேர்ந்து ‘கப்சாய்’ ஆனது. தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வண்டியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டக் கிளம்பிய அப்பாவும், செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் பள்ளிக்கு ஏற்றிப்போன மாமாவும் ஓட்டியது இதைத்தான். மழை பெய்த செம்மண்ணில் சறுக்காமல் ஓட்ட அவர்கள் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

இப்போது வண்டி மாறிவிட்டது. உயரமான ‘ஸ்கிராம்பளர்’, முள்முள்ளாக டயர், நெஞ்சுக்கும் முட்டிக்கும் கவசம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து பேர் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போகிறார்கள். தீவிலேயே மலை இருக்க, ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். பினாங்குக் கொடிமலையையும் அதைச் சுற்றிய காடு, கடற்பகுதியையும் 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பரப்பளவு 12,481 ஹெக்டர். இந்தச் சரிவுகளில் டயர் ஒரு தடம் கிழித்தால் அடுத்த மழை அதை வாய்க்காலாக்கிவிடும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, மலைமண் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கே போனாலும் நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

சரி, பாதை கிடைத்துவிட்டது. கல்லும் மணலும் ஒரே மாதிரி ஓட்டுகிற இடங்கள் அல்ல.

மணலில் முன்சக்கரம் புதையப் பார்க்கும். பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் கொட்டிக்கிடக்கும் வெண்மணலில் இறங்கியவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கும். பயந்து எண்ணெய்ப் பிடியை விட்டால் வண்டி அங்கேயே கவிழும். உடல் எடையைப் பின்னால் தள்ளி, சீராக முடுக்க வேண்டும். ஹேண்டில் கொஞ்சம் ஆடட்டும். அதோடு மல்லுக்கட்டக் கூடாது. டயரில் காற்றைக் குறைத்தால் சக்கரம் அகன்று மணல்மேல் மிதக்கும்.

அதே குறைந்த காற்றோடு கல்லில் ஏறினால் உள்டியூப் விளிம்பில் நசுங்கிப் பஞ்சராகும். கல்லில் வேகம் குறைவு, பிடி இலேசு. எழுந்து நின்று, முட்டியால் வண்டியைப் பிடித்து, சக்கரத்துக்கு முன்னுள்ள கல்லைப் பார்க்காமல் பத்தடி தள்ளிப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். குழியையே பார்ப்பவர் குழியில்தான் விழுவார்.

இவையெல்லாம் நாலு ஞாயிறில் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: முன்னால் போகிற நண்பனைத் துரத்தாமல் இருப்பது. கூட்டமாகப் போகும்போது மெதுவாக ஓட்டுபவருக்கு, தன்னால் மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சத்தில் தன் திறமைக்கு மேல் முடுக்குகிறார். அவர் விழும்போது முன்னால் போனவர்கள் இரண்டு வளைவு தாண்டியிருப்பார்கள்.

உலகின் மிகக் கடினமான பாலைவனப் போட்டியான டக்கார் ராலியைப் பாருங்கள். இந்தியாவின் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் 36-ஆவது இடத்தில் முடித்து, அதை நிறைவுசெய்த முதல் இந்தியர் ஆனார். 2021-ல் சவூதி அரேபியாவில் விழுந்து தலையில் அடிபட்டு, மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டு, பிழைத்து ஊர் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜனவரி 12-ல், அவருடைய ஹீரோ அணியின் போர்த்துகீசிய வீரர் பாலோ கொன்சால்வெஸ் அதே போட்டியில் விழுந்து இறந்தார். ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ், பந்தயத்தை மறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் பக்கத்தில் இருந்தார். மறுநாள் மோட்டார் சைக்கிள் கட்டம் ரத்தானது.

விநாடிக் கணக்கில் வெற்றி தீர்மானமாகும் அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. விழுந்தவருக்கு உதவ நின்றவர் இழந்த நேரத்தை அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். டோபி பிரைஸுக்கும் அப்படியே செய்தார்கள். பரிசுக்காக ஓடுபவர்களே நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய நமக்கு என்ன அவசரம்?

அனுபவமுள்ள குழுக்கள் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் எளியவை. மூன்று பேருக்குக் குறைந்து போவதில்லை: ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒருவர் உதவி கேட்கப் போகலாம். காட்டுக்குள் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காது. 999-ஐ அழைக்க மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். நன்றாக ஓட்டும் ஒருவர் எப்போதும் கடைசியில் வருவார். ஒவ்வொரு சந்திப்பிலும், பின்னால் வருபவரின் விளக்கு தெரியும்வரை முன்னவர் திரும்பாமல் நிற்பார். இன்னொன்று, கிளம்புமுன் வீட்டில் யாரிடமாவது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவது.

வண்டி வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளை நச்சரித்தால், பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எத்தனை சிசி என்பதல்ல. “தம்பி, நீ விழுந்தா யார் நிப்பா?” என்று கேளுங்கள். அவன் யோசிக்காமல் இரண்டு பெயர் சொன்னால், அந்த இருவரையும் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.