கொப்பி நிரம்பினால் போதுமா?

எமது ஊர்ப் பக்கத்தில் பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்து இரண்டு கிழமை போவதற்குள் வீட்டில் எழும் முதற் கேள்வி, "பிள்ளை எழுதுதா?" என்பதே. கொப்பியில் பக்கம் பக்கமாக எழுத்து இருந்தால் அது நல்ல முன்பள்ளி. பிள்ளை மணலும் சாயமும் ஒட்டிய கையோடு வீடு வந்தால், "சும்மா விளையாட விட்டுட்டுக் காசு வாங்குறாங்க" என்று பேச்சு வரும். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு அந்த விளையாட்டுத்தான் படிப்பு என்பதையும், அது ஏன் அப்படி என்பதையும் என்னால் இயன்ற அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், மாம்புரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள முன்பள்ளியொன்றில் ஆசிரியைக்கு உதவியாக இருந்தேன். அங்கே கண்டவற்றையும், இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போது விளங்கிக்கொண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் கையைப் பார்ப்போம். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்பு ஒவ்வொன்றாக எலும்பாக இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்க 8 முதல் 12 வயது வரை ஆகும். அப்படியென்றால் நான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் பாதி கட்டிய வீடு. தசைகளின் கட்டுப்பாடும் முதலில் தோளுக்கும், பிறகு முழங்கைக்கும், கடைசியாகத்தான் விரல்களுக்கும் வருகிறது. ஓடுவதும் ஏறுவதும் தொங்குவதும் பந்து எறிவதும் தோளைப் பலப்படுத்துகின்றன. மா பிசைவதும் மணி கோர்ப்பதும் விரல்களைப் பழக்குகின்றன. இவற்றுக்குப் பின்புதான் பென்சில் இலகுவாகக் கைக்கு அடங்கும். நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் பென்சிலை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, தாள் கிழியும்வரை அழுத்தி எழுதினார்கள். அதை அடம் என்றோ மந்தம் என்றோ சொல்லக் கூடாது. கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

எமது பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. தமிழ், அறபு, ஆங்கிலம், சில இடங்களில் சிங்களம் என நான்கு எழுத்து முறைகளை ஒரே ஆண்டில் எழுதச் சொல்கிறோம். தமிழை இடமிருந்து வலமாக எழுத வேண்டும், அறபை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 'ட' இரண்டு கோட்டோடு முடிந்துவிடும். 'அ' எழுதச் சுழியும் வளைவும் நிமிர்ந்த கோடும் வேண்டும். நான்கு மொழிகளைக் கேட்பதும் அவற்றில் பாடுவதும் பேசுவதும் இந்த வயதுக்கு மிகவும் நல்லது. நான்கையும் எழுத வைப்பதுதான் பாரம்.

பாடசாலை கூட இதை எதிர்பார்க்கவில்லை என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கற்பிக்கும் முறையை விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்றாக வகுத்தது. முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்தால்தான் முதலாம் தரத்தில் சேர்ப்போம் என்ற நிபந்தனை அரச பாடசாலையில் இல்லை. முதலாம் தரமே விளையாட்டோடு தொடங்கும்போது, அதற்கு முந்திய முன்பள்ளியில் மேசை வேலையை முதலில் வைப்பது தலைகீழ் அல்லவா?

அப்படியானால் முன்பள்ளிகள் ஏன் எழுத வைக்கின்றன? காரணத்தைப் பணத்தில் தேட வேண்டும். கன்னங்கரா அவர்கள் முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இன்று அது எமது பிள்ளைக்குக் கிடைப்பது முதலாம் தரத்திலிருந்துதான். முன்பள்ளிகளை மாகாண மட்டத்தில் பதிவு செய்து மேற்பார்வை செய்தாலும், நடத்துபவர்கள் பெரும்பாலும் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், பிரதேச சபைகள், சங்கங்கள், தனியார் ஆகியோரே. ஆசிரியையின் வருமானத்தில் பெரும்பங்கு பெற்றோர் கொடுக்கும் மாதக் கட்டணத்திலிருந்து வருகிறது. பெற்றோர் கொப்பியைக் கேட்டால் ஆசிரியை கொப்பியைத்தான் காட்டுவார். இல்லையென்றால் பிள்ளையை அடுத்த முன்பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே முன்பள்ளியைத் திருத்தும் வேலை பெற்றோரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

விளையாட்டில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்கலாம். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு சிரட்டைகளைக் கொடுத்து ஈர மணலை அள்ளிக் கொட்ட விட்டுப் பாருங்கள். பெரிய சிரட்டை மணல் சின்னச் சிரட்டையில் கொள்ளாது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அது அளவை பற்றிய முதற் பாடம். சிப்பிகளைப் பொறுக்கி நிறத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்பப் பிரித்தால் அது வகைப்படுத்தல். எங்கள் பக்கத்தில் வெங்காயம் செய்யாத வீடு குறைவு. ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயத்தைப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று குவியலாக்கச் சொன்னால் அதில் கணிதமும் உண்டு, விரல் பயிற்சியும் உண்டு. நாலு பேர் சேர்ந்து 'கடை' விளையாடினால் விலை பேசுவார்கள், முறைக்குக் காத்திருப்பார்கள், சண்டை பிடித்து மீண்டும் சேர்வார்கள். இந்தப் பழக்கங்களைக் கொப்பியில் எழுதி வரவைக்க முடியாது.

பல முன்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'மொண்டிசோரி' என்ற சொல்லைக் காண்கிறோம். அது இத்தாலியில் பிறந்த மரியா மொண்டிசோரி என்ற பெண் மருத்துவரின் பெயர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். எழுத்தைப் பழக்க அவர் கையாண்ட வழி, உப்புத் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மேல் பிள்ளையின் விரலை ஓட விடுவதாகும். பிள்ளை தொட்டு, தடவி, ஒலியைச் சொல்லிப் பழகும். அவருடைய பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஒரே எழுத்தை ஐம்பது தரம் எழுதச் சொல்வது பொருந்துமா என்று சிந்திக்க வேண்டும்.

அடுத்தது பேச்சு. பிள்ளையின் மூளை ஆறு வயதளவில் பெரியவரின் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடுகிறது. இந்தக் காலத்தில் பிள்ளை கேட்கும் சொற்களும், அதனோடு நாம் மாறி மாறிப் பேசுவதும் அந்த மூளைக்கு உணவு. எமது ஊர்க் காற்றாடிக் கோபுரங்களைப் பார்த்து, "அது ஏன் சுத்துது? ராவைக்குத் தூங்காதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அப்படிக் கேட்கும் பிள்ளைக்கு ஒரு பதிலும், திரும்ப ஒரு கேள்வியும் கொடுக்க வேண்டும். வாப்பா கடலுக்கும் உம்மா தோட்டத்துக்கும் போகும் வீட்டில் அழுகிற பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுப்பது இலகுவாகத் தெரிகிறது. ஆனால் தொலைபேசி பிள்ளையின் கேள்விக்குக் காத்திருக்காது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன் இருப்பது நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்றும், மூன்று மணித்தியாலமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், 10 முதல் 13 மணித்தியாலம் தூங்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மன அமைதி. பயந்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. நான் உதவிய முன்பள்ளியில் ஒரு பெண்பிள்ளை முதல் மாதம் முழுக்க வாய் திறக்கவில்லை. உம்மா தொழிலுக்காக வெளிநாடு போயிருந்தார். உம்மம்மாதான் கொண்டுவந்து விடுவார். டீச்சர் அந்தப் பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. தினமும் ஒரே இடத்தில், தனக்குப் பக்கத்தில் இருத்தி, வாளியில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுத்தார். ஒரு நாள் வேறொரு பிள்ளை வாளியைத் தூக்கியபோது, "அது என்ட வேல!" என்று சத்தமாகச் சொன்னது. அதுதான் நாங்கள் கேட்ட முதல் வசனம். தெரிந்த முகம், தெரிந்த இடம், தனக்கென்று ஒரு வேலை ஆகிய மூன்றும் ஒரு பிள்ளையைத் திறந்துவிட்டன.

நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் அபூ உமைர் என்ற சிறுவனைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அவன் வைத்து விளையாடிய சிறு குருவி இறந்து போனது. நபியவர்கள் அந்தச் சிறுவனைப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்ன நடந்தது என்று அன்போடு விசாரித்தார்கள். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் ஒரு துக்கத்தை அவர்கள் துக்கமாகவே மதித்தார்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்டு வாயடைக்கும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எமது பிரதேசத்துக்கு இது புதிய செய்தியும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கத்திலும் வந்து ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அப்போது மூன்று, நான்கு வயதாக இருந்தவர்கள் இன்று எங்களுடைய உம்மாமார், வாப்பாமார். என் தோழியொருத்தியின் தாய்க்கு அந்தக் காலத்தில் படித்த எழுத்து எதுவும் நினைவில்லை. தலையைத் தடவி ஒரு பாட்டுச் சொல்லித் தந்த டீச்சரை மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

வயிறும் மனமும் வேறு வேறல்ல. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை ஒன்பது மணிக்கே சோர்ந்துவிடும். பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் ஆண்பிள்ளைக்கு நீலத்திலும் தரப்படும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை ஊசி போடும் நாளோடு அலுமாரியில் வைத்துவிடக் கூடாது. அதிலுள்ள நிறைக்கோடு கீழே இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்ட வேண்டும். பேச்சு, கேள்வி, பார்வை பற்றிய சந்தேகங்களையும் அவரிடமே கேட்கலாம். பிந்தாமல் கண்டுபிடித்தால் உதவுவது இலகு.

வாசிக்கும் தாய்மாரிடம் பணிவாக மூன்று விடயங்களைக் கேட்கிறேன். முன்பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம், "இன்டைக்கு யாரோட விளையாடின?" என்று கேளுங்கள். படுக்கும்போது பத்து நிமிடம் ஒரு கதை சொல்லுங்கள். புத்தகம் இல்லாவிட்டால் உங்கள் சிறுவயதுக் கதையே போதும். அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியோடு உங்கள் பிள்ளையின் கொப்பியை ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக ஆசிரியையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையொன்றின் காலை உணவுக்கான தொகை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்ந்தது. ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவிலும் 1,000 ரூபா கூடியது. இருந்தும் அந்தத் தொழிலில் ஒரு குடும்பம் வாழ முடியாது. இருபது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, சண்டையைத் தீர்த்து, அழுகையை ஆற்றி, பாட்டும் படித்துக் கொடுப்பவரை நாம் 'நேர்சரி டீச்சர்தானே' என்கிறோம். பல்கலைக்கழகம் போகக் கனவு காணும் எங்கள் வகுப்பு மாணவியரில் சிலராவது இந்தத் துறையை விரும்பித் தெரிவு செய்யும் நாள் வர வேண்டும். அதற்கு முன், மாதக் கட்டணத்தை நாள் தவறாமல் கொடுப்பதும், முன்பள்ளி முற்றத்தில் ஒரு பாரம் மணலும் ஓர் ஊஞ்சலும் போட்டுக் கொடுப்பதும் இந்த மாதமே எமது ஊரால் செய்யக்கூடியவை.