அடைப்புக்குறி போடணுமா, வேண்டாமா? புரோகிராம் எழுதுபவர்களைப் படுத்தும் ஒரு சின்ன விஷயம்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் நண்பரிடம், ‘நாகப்பட்டினம் பஸ் வந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். நம்பரைக் கொடுப்பது வேறு, அந்த நம்பருக்கு டயல் செய்வது வேறு. வாங்கிய கையோடு அவர் டயல் பண்ணினால், பஸ் வருவதற்கு முன்பே உங்கள் போன் அடிக்கும்.

புரோகிராமிங்கிலும் இதே கதைதான். ஃபங்ஷன் என்பது பெயர் சூட்டப்பட்ட ஒரு வேலை. ‘இப்போதே செய்’ என்றால் அது அழைப்பு. ‘நேரம் வரும்போது இதைச் செய்’ என்று பெயரை மட்டும் ஒப்படைத்தால் அது ரெஃபரன்ஸ். ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் என்ன நடக்கணும் என்பதை இப்படித்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

இந்த இரண்டையும் எப்படி வேறுபடுத்தி எழுதுவது? ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழியில் போகிறது.

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்: வெறும் பெயர் என்றால் ரெஃபரன்ஸ். பின்னால் () போட்டால் அழைப்பு.

ரூபி: பெயரைச் சொன்னாலே வேலை ஓடிவிடும். அதனால் ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் ‘மெத்தட்’ என்று தனியாகக் கேட்கணும்.

ஜாவா: 2014-ல் வந்த 8-ம் பதிப்பில் :: என்ற குறி சேர்ந்தது. புள்ளி ஏன் போதவில்லை? ஜாவாவில் ஒரே கிளாஸுக்குள் ‘விலை’ என்ற பெயரில் ஒரு மதிப்பும் இருக்கலாம், ஒரு ஃபங்ஷனும் இருக்கலாம். புள்ளி வைத்தால் மதிப்பைக் கேட்பதாகிவிடும்.

எலிக்ஸிர்: &பெயர்/2 என எழுதணும். 2 என்பது அந்த ஃபங்ஷன் வாங்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கை. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருந்தாலும் குழப்பம் வராது.

எது பெஸ்ட்?

பைத்தான் வழி எழுத ஈஸி. ஆனால் தவறு நடந்தால் சத்தமே வராது. ஃபைலை மூடும் கட்டளையில் () போட மறந்தால், பைத்தான் எர்ரர் காட்டாது. ஃபைலையும் மூடாது. ஜாவாஸ்கிரிப்டில் தலைகீழ்: 5 நொடி கழித்து ஓட வேண்டிய வேலையை () போட்டு டைமரிடம் கொடுத்தால், அது அங்கேயே ஓடி முடிந்துவிடும். ஜாவாவின் :: கண்ணில் பட்டதுமே ‘இது அழைப்பு இல்லை’ என்று புரிந்துவிடும். அதற்கு விலை, கற்றுக்கொள்ள இன்னொரு குறி.

தமிழில் எழுதினால்?

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. அதில் திரையில் காட்டச் சொல்லும் சொல் ‘பதிப்பி’. ஃபங்ஷனை எழுதத் தொடங்கும் சொல் ‘நிரல்பாகம்’.

இங்கேதான் சுவாரஸ்யம். தமிழில் வினைச்சொல்லின் வேர் அப்படியே கட்டளையாகவும் இருக்கும். ‘பதிப்பி’ என்றாலே ஏவல், அதாவது அழைப்பு. வேலையின் பெயரை மட்டும் சொல்ல நம்மிடம் தொழிற்பெயர் இருக்கிறது: பதிப்பித்தல். பள்ளியில் படித்த இலக்கணத்திலேயே ரெஃபரன்ஸுக்கு ஒரு வடிவம் தயாராக இருக்கிறது!

ஆனால் சிக்கலும் உண்டு. ‘கேள்’ என்பது ‘கேட்டல்’ ஆகும், ‘நில்’ என்பது ‘நிற்றல்’ ஆகும். இந்த மாற்றங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரணும். ஒரு குறியைச் சேர்ப்பது அதைவிடச் சுலபம்.

காரைக்கால் திருவேட்டக்குடியில் இருக்கும் புதுச்சேரி என்.ஐ.டி. மாணவர் ஒருவர் நாளை புதிதாக ஒரு தமிழ் நிரல்மொழி செய்ய உட்கார்ந்தால், இந்தக் கேள்வி அவர் முன்னாலும் வந்து நிற்கும். எழுதுபவருக்கு இரண்டு எழுத்து மிச்சமாக வேண்டுமா, அல்லது அவர் தவறு செய்தால் உடனே தெரிய வேண்டுமா? முதல்முறை கற்றுக்கொள்பவர்களுக்கான மொழி என்றால், இரண்டாவதுக்கே முன்னுரிமை தரலாம். எர்ரர் வந்தால் திருத்திக்கொள்ளலாம். எர்ரரே வராத தவறைத் தேடுவதற்குள் ராத்திரி விடிந்துவிடும்.