முற்றிய மார்பகப் புற்றுநோய்: நோயாளியைக் கேட்டு முடிவெடுப்பது ஏன்?

மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற இடங்களுக்குப் பரவிவிட்டால் அது நான்காம் நிலை. பெரும்பாலும் இதை அடியோடு நீக்க முடிவதில்லை; ஆனால் கட்டுக்குள் வைக்கலாம், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட. ஒரு மருந்து கேட்கும்வரை அது, பிறகு அடுத்தது என்று சிகிச்சை தொடரும். அத்தனை நாளும் அதைத் தாங்கி வாழப்போகிறவர் நோயாளி. அதனால் அவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. 2011-இல் லிஸ்பனில் தொடங்கிய, இந்த நோய்க்கென்றே நடக்கும் சர்வதேச மாநாட்டின் வழிகாட்டுதல்களும் இதையே வலியுறுத்துகின்றன.

முதலில் உண்மை

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவது பாசத்தால்தான். ஆனால் தன் நிலை தெரியாதவரால் எதைத் தேர்ந்தெடுக்க முடியும்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மருத்துவர் அவரிடமே கேட்பது நல்ல முறை. "எல்லாத்தையும் மகன்கிட்ட பேசிக்கோங்க" என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய முடிவுதான்.

எல்லோருக்கும் கீமோ அல்ல

முடிந்தால் பரவிய இடத்திலிருந்து பயாப்சி (திசுப் பரிசோதனை) எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் இருந்த நோயின் தன்மை இப்போது மாறியிருக்கலாம். ஹார்மோனால் வளரும் வகை, ஹெர்-2 என்னும் புரதம் மிகுதியாக இல்லாதது என்றால், உள்ளுறுப்புகள் வேகமாகப் பழுதாகும் அவசரம் இல்லாதவரை, ஹார்மோன் சிகிச்சையும் அதோடு சேரும் மாத்திரைகளுமே முதல் தேர்வு. கீமோ தேவைப்பட்டாலும் பலருக்கு ஒரு நேரத்தில் ஒரு மருந்து போதும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

எந்த மருந்து என்பதிலும் பேச இடமுண்டு. பாக்லிடாக்செல் ஊசியால் முடி கொட்டும், விரல்கள் மரத்துப்போகலாம். கேப்சிடபின் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கலாம், முடி பெரும்பாலும் கொட்டாது; ஆனால் உள்ளங்கையும் பாதமும் எரிந்து தோல் உரியலாம், வயிற்றுப்போக்கு வரலாம். ஊசி கோக்கும் தையல்காரருக்கு விரல் மரத்துப்போவது பிழைப்பையே தொடும். நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவருக்குப் பாத எரிச்சல் பெரிது. நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் மருத்துவருக்கு இது தெரியும்.

வலி தணிப்பு கடைசிக்கு அல்ல

வலி, களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான கவனிப்பு நோய் தெரிந்த நாளிலிருந்தே வேண்டும். எலும்பு வலிக்குப் பலருக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு போதும். கடும் வலிக்கு மார்ஃபின் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க இந்தியாவில் 2014-இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது.

கேட்க வேண்டியவை

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூட ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

- இந்தச் சிகிச்சையால் என்ன எதிர்பார்க்கலாம்?
- என் அன்றாட வேலையை எப்படிப் பாதிக்கும்?
- எத்தனை முறை வர வேண்டும், செலவு எவ்வளவு, அரசுக் காப்பீட்டில் அடங்குமா?
- வேறு வழி என்ன? இப்போதைக்கு நிறுத்தினால் என்ன ஆகும்?

இன்று எடுத்த முடிவை நாளை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும், ஒவ்வொரு மருந்து மாற்றத்தின்போதும் இதே கேள்விகளை மறுபடி கேட்பது நோயாளியின் உரிமை.